குதிரைச் சளி, கழுதைக் காய்ச்சல்: வைரஸ் எந்த வழியாக வருகிறது? சந்தைக்குக் கொண்டுபோகும் முன் கேட்கிறேன்

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இரண்டு குதிரையும் ஒரு மட்டக்குதிரையும் ஒரு பெட்டைக் கழுதையும் இருக்கின்றன. நாலுக்கும் ஒரே கொட்டகை, ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மட்டக்குதிரையைக் கொண்டுபோகலாம் என்று வீட்டில் பேச்சு. 2025இல் கேதார்நாத் பாதையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் காய்ச்சலில் விழுந்து, யாத்திரை தொடங்கிய சில நாளிலேயே அவற்றின் போக்குவரத்தை நிறுத்தினார்கள் அல்லவா, அதைப் படித்ததிலிருந்து ஒரே யோசனையாக இருக்கிறது. சந்தையில் நூற்றுக்கணக்கான குதிரைகள் பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருக்கும். இது காற்றில் வருமா, தண்ணீரில் வருமா, ஈ கடித்து வருமா? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ‘கழுதைக்கு ஒன்றும் ஆகாது, அது கெட்டி உடம்பு’ என்கிறார். அது உண்மையா? தடுப்பூசி போட்டுவிட்டால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை எழுதியது:

வணக்கம் அண்ணா. நாங்கள் கொடைக்கானலில் தலைமுறையாகக் குதிரை வைத்திருக்கிறோம். மழை தொடங்கினால் இருமல் வரும், வெந்நீரில் வெல்லமும் இஞ்சியும் கரைத்துக் கொடுப்போம், நாலைந்து நாளில் சரியாகிவிடும். எல்லாவற்றுக்கும் வைரஸ் என்று பயந்தால் தொழில் நடக்காது. பெரியவர் சொல்வதும் சரிதான், கழுதை காய்ச்சலில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

தம்பி மலைப்பாதை, கழுதை காய்ச்சலில் படுத்துப் பார்த்ததில்லை என்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கழுதைக்குக் காய்ச்சல் வரவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. வலியையும் காய்ச்சலையும் வெளியே காட்டாத பிராணி அது. குதிரை தலையைத் தொங்கப் போடும், தீனியை விடும், படுத்து எழும். கழுதையோ 103 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் நின்றுகொண்டு வைக்கோலைக் கடித்துக்கொண்டிருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அது மெல்லவே இல்லை என்பது தெரியும். இன்னொரு விஷயம், நல்ல குதிரையின் உடல் வெப்பம் 37.5லிருந்து 38.5 செல்சியஸ் வரை. வளர்ந்த கழுதைக்குச் சராசரி 37.1தான், 37.8க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். குதிரைக் கணக்கை வைத்துக் கழுதையை அளந்தால் 38.4 காட்டும்போது ‘நார்மல்’ என்று விட்டுவிடுவோம். அந்த நேரத்தில் அதற்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது பவானிக்கரையின் கேள்விக்கு வருகிறேன். காற்றிலா, தண்ணீரிலா, ஈயிலா என்று கேட்டீர்கள். மூன்றுமே உண்டு, ஆனால் ஒவ்வொரு வைரஸுக்கும் வழி வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், ஒரே தடுப்பு என்று போவதால்தான் நம்மில் பலருக்கு நஷ்டம். இருமலில் வருவதற்குக் கொசுவலை கட்டிப் பிரயோஜனமில்லை. பூச்சி கடித்து வருவதற்குத் தனித் தொட்டி வைத்தும் பிரயோஜனமில்லை.

சந்தையில் முதலில் பயப்பட வேண்டியது குதிரை இன்ஃப்ளூயன்சா. இன்று உலகத்தில் சுற்றுவது எச்3என்8 வகை. தொற்றிய ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், பிறகு ஆழமான வறட்டு இருமல், மூக்கொழுகல். ஒவ்வொரு இருமலிலும் வைரஸ் தெறிக்கும், ஒரு வாரம் பத்து நாள் வரை இது தொடரும். கூட்டமாக நிற்கும் இடத்தில், முன்பு தொற்றோ தடுப்பூசியோ இல்லாத குதிரைகள் என்றால் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் வந்துவிடும். அதே வைரஸ் வாளியில், கடிவாளத்தில், குதிரை தேய்க்கும் பிரஷில், பிடித்த ஆளின் கையில், சட்டையில் ஒட்டிக்கொண்டு போகும். வெயிலும் சோப்பும் அதைச் சீக்கிரம் கொன்றுவிடும், அது ஒன்றுதான் நமக்குச் சாதகம்.

நம் நாட்டில் 1987இல் ஒரு முறை வந்தது. பிறகு இருபது ஆண்டு சத்தமில்லை. 2008 ஜூனில் ஜம்முவில் கத்ராவில் மறுபடி தலைகாட்டியது. கத்ரா என்றால் வைஷ்ணோ தேவி கோயிலுக்கு ஏறும் அடிவாரம், ஆயிரக்கணக்கில் மட்டக்குதிரையும் கோவேறு கழுதையும் தினமும் பக்தர்களைச் சுமக்கும் இடம். அங்கே தொடங்கி 11 மாநிலங்களுக்குப் போனது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் மாதிரிகளைச் சோதித்து வைரஸைப் பிரித்தெடுத்தது. இருபது ஆண்டு இடைவெளி என்றால் யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு வேலையில் இருந்த பிராணிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த நோயைக் கண்டதே இல்லை. வெற்று உடம்பில் வைரஸ் இறங்கியது.

மழைக்கால இருமலுக்கு நாலு நாள் ஓய்வு போதும் என்கிறீர்கள், அது இன்ஃப்ளூயன்சாவாக இருந்தால் போதாது. காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு, குறைந்தது மூன்று வாரம். நுரையீரலின் உள்தோலை வைரஸ் உரித்துவிட்டிருக்கும், அது மறுபடி வளர அவ்வளவு நாள் வேண்டும். அதற்குள் சுமை ஏற்றினால் பாக்டீரியா உள்ளே புகுந்து நிமோனியா ஆகிவிடும். பெரும்பாலும் சாவு அதனால்தான் வருகிறது.

சிட்னித்தமிழ் எழுதியது:

டாக்டர் ஐயா சொன்ன ‘பிடித்த ஆளின் சட்டை’யை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007இல் இங்கே நடந்ததை நினைத்தால் அதன் கனம் புரியும். ஆஸ்திரேலியா அதுவரை குதிரை இன்ஃப்ளூயன்சாவே இல்லாத நாடு. ஆகஸ்டில் ஜப்பானிலிருந்து பந்தய இனக் குதிரைகள் வந்தன, எல்லாம் தடுப்பூசி போட்டவை. சிட்னி ஈஸ்டர்ன் கிரீக் தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்தார்கள். அரசு நிலையம், வேலி உண்டு, விதி உண்டு, மருத்துவர் உண்டு. அப்படியும் வைரஸ் வெளியே வந்துவிட்டது. பிறகு முன்னாள் நீதிபதி இயன் காலினன் தலைமையில் விசாரணை நடந்து 2008இல் அறிக்கை வந்தது. நிலையத்துக்குள் போய்வந்த ஆளின் உடம்பிலோ உடையிலோ கருவியிலோ ஒட்டித்தான் வெளியேறியிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. வெளியே வரும்போது குளிப்பது, உடை மாற்றுவது, கை கழுவுவது, இவை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பவானிக்கரை கேட்ட சந்தைக் கேள்விக்கு நேரான பதில். ஆகஸ்ட் 18, 19 வார இறுதியில் மெயிட்லாந்து பக்கம் ஒரு குதிரையேற்றப் போட்டி. அங்கே வந்தவை பந்தயக் குதிரைகள் இல்லை, வீடுகளில் ஆசைக்கு வளர்க்கிற குதிரைகள். போட்டி முடிந்ததும் ஒவ்வொன்றும் டிரெய்லரில் ஏறி அதனதன் ஊருக்குப் போனது, வைரஸும் கூடவே போனது. 24ஆம் தேதி வாக்கில் சிட்னி சென்டெனியல் பூங்கா லாயத்தில் நோய் தெரிந்தது, மறுநாளே நாடு முழுக்கக் குதிரை நகர்வுக்குத் தடை. ஆனால் அதற்குள் அது நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்று விதைத்தாகிவிட்டது. சுமார் பத்தாயிரம் இடங்களில் பரவியது. அந்த இரண்டு மாநிலங்களைத் தாண்டவில்லை, டிசம்பரோடு புது நோயும் நின்றுவிட்டது. நகர்வுத் தடையும் நோய் வட்டத்தைச் சுற்றிப் போட்ட தடுப்பூசியும்தான் காரணம்.

நான் அப்போது வார இறுதியில் ஒரு லாயத்தில் வேலை பார்த்தேன். வாசலில் கிருமிநாசினி நிரப்பிய தட்டு, அதில் பூட்ஸை முக்கிவிட்டுத்தான் உள்ளே போகலாம். தீனி கொண்டுவரும் லாரி கேட்டுக்கு வெளியே மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விடும். குதிரை லாடம் அடிப்பவர் வரவே இல்லை, ஏனென்றால் அவர்தான் ஒரு நாளில் ஆறு ஏழு லாயம் போகிற ஆள். அவர்கள் வருமானம் நின்றது, குதிரையை நம்பிய குடும்பங்களுக்கு மத்திய அரசு உதவித்தொகை கொடுத்தது.

தடுப்பூசி பற்றிக் கேட்டிருந்தீர்கள் அண்ணா. வந்த குதிரைகள் தடுப்பூசி போட்டவை என்பதை மறுபடி கவனியுங்கள். ஊசி போட்ட குதிரைக்கு நோய் கடுமையாகாது, ஆனால் அறிகுறியே இல்லாமல் வைரஸை வெளியே விடலாம். ஊசி போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் தனிமைப்படுத்தலை விட்டுவிடக் கூடாது.

பழைய ஏடு எழுதியது:

இதோடு 1872ஐயும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் கனடாவில் டொரொண்டோ சுற்றுவட்டாரத்தில் குதிரைகளுக்கு இருமல். சில வாரத்தில் நியூயார்க், பாஸ்டன், பிறகு தெற்கே, மேற்கே, அடுத்த ஆண்டு கியூபா, மெக்ஸிகோ வரை. அன்றைய நகரங்களில் டிராம், சரக்கு வண்டி, தீயணைப்பு வண்டி எல்லாம் குதிரை இழுத்தவை. தெருக்கள் வெறிச்சோடின, மனிதர்கள் தாங்களே வண்டி இழுத்தார்கள், சில இடங்களில் எருதுகளைக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 9 இரவு பாஸ்டனில் பெரிய தீ. தீயணைப்புக் குதிரைகள் நோயில் கிடந்ததால் ஆட்கள் வண்டிகளைக் கையால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நகரத்தின் வியாபாரப் பகுதி எரிந்து போனது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அது பரவிய பாதை. ரயில் போன வழியே நோயும் போனது. ஏனென்றால் குதிரையை ரயிலில் ஏற்றினார்கள். அன்றைக்கு ரயில், 2007இல் விமானமும் டிரெய்லரும். வைரஸுக்கு என்று தனியாக வேகம் கிடையாது, நாம் பிராணியை எவ்வளவு வேகமாக நகர்த்துகிறோமோ அதுதான் அதன் வேகம்.

மலைப்பாதை எழுதியது:

எல்லோரும் படித்தவர்கள், சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று வாரம் ஓய்வு என்றால் மூன்று வாரமும் எங்கள் அடுப்பு எப்படி எரியும்? கொள்ளும் புல்லும் அன்றன்றைக்கு வாங்குகிறோம், குதிரை நின்றாலும் அதற்குத் தீனி போட வேண்டும். சீசன் என்பதே இரண்டு மாதம். கேதார்நாத்தில் குதிரைக்காரர்கள் நோயை மறைத்தார்கள் என்று ஊரெல்லாம் திட்டினார்கள். அந்தச் சீசனுக்குக் கடன் வாங்கித்தான் கோவேறு கழுதை வாங்கியிருப்பார்கள். அங்கே ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை கொடுத்தார்கள் என்கிறீர்கள், இங்கே நோய் என்று நானாகப் போய்ச் சொன்னால் எனக்கு என்ன கிடைக்கும்? தடை மட்டும்தான் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

கோபம் எதற்குத் தம்பி, இந்த இழையில் கேட்டதிலேயே நியாயமான கேள்வி இதுதான். சொல்பவனுக்குத் தண்டனையும் மறைப்பவனுக்கு வருமானமும் இருக்கிற இடத்தில் நோய் மறைக்கப்படும், அதை யாராலும் மாற்ற முடியாது. கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய்க்கு நம் நாட்டில் இழப்பீடு உண்டு, கருணைக்கொலை செய்யப்படும் பிராணிக்குப் பணம் தருகிறார்கள். இன்ஃப்ளூயன்சாவில் பிராணி சாகாமல் நின்றுபோகும் நாட்களுக்கும் ஏதாவது தர வேண்டும் என்று பணியில் இருந்தபோதே பேசியவன் நான், இப்போதும் அதையே சொல்கிறேன். குறைந்தது தீனியாவது கொடுக்கலாம்.

ஆனால் உங்கள் சொந்த லாபத்தை வைத்தே பாருங்கள். காய்ச்சலோடு ஏற்றத்தில் சுமை ஏற்றிய மட்டக்குதிரை நிமோனியாவில் போய்விட்டால் மூன்று வார வருமானம் அல்ல, முதலே போய்விடும். அதோடு நீங்கள் ஒருவர் ஓட்டினால் ஸ்டாண்டில் நிற்கும் அத்தனையும் ஒரே வாரத்தில் படுத்துக்கொள்ளும். மாறாக, முதல் குதிரை இருமிய அன்றே அதை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்குத் தினம் இரண்டு முறை வெப்பம் பார்த்து, ஏறியதை மட்டும் நிறுத்தினால், மற்றவர்களின் தொழிலாவது நடக்கும். ஸ்டாண்டில் உள்ளவர்கள் சேர்ந்து, நின்ற குதிரைக்காரருக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் கொடுக்கும் வரை அதுதான் வழி.

மன்னார்க்காரி எழுதியது:

வணக்கம். நான் மன்னாரில் இருந்து எழுதுகிறேன். எங்கட தீவிலே கழுதைகள் வீட்டு மிருகம் இல்லை, தெருவிலேயே பிறந்து தெருவிலேயே திரிகிறவை. அரேபிய வணிகர்கள் கொண்டுவந்து விட்டவை என்பது இங்கே சொல்லப்படுகிற கதை. வாகனத்தில் அடிபட்டுக் காயத்தோடு நிற்கிற கழுதைகளுக்கு மருந்து போடுவதில் சில ஆண்டுகளாக நானும் சேர்ந்து நிற்கிறேன். டொக்டர் ஐயாவிடம் இரண்டு கேள்வி. ஒன்று, மழைக்காலத்தில் நுளம்பும் சிறிய கடிபூச்சிகளும் கழுதைகளை மொய்த்துக்கொள்ளும், அதால் என்ன நோய் வரும்? மற்றது, தெருநாய்கள் குட்டிக் கழுதைகளைக் கடிக்கின்றன. விசர்நாய் கடித்தால் கழுதைக்கும் விசர் வருமா, அந்தக் கழுதையைத் தொட்டு மருந்து போடுகிற எங்களுக்கு ஆபத்து இருக்கிறதா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா, உயிர் சம்பந்தப்பட்டது. வரும். எச்சிலில் இருக்கும் ரேபிஸ் (விசர், வெறிநோய்) வைரஸ் கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறும், அதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். கழுதைக்கும் குதிரைக்கும் அது வரும்போது நாய் மாதிரி பாயும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடிபட்ட இடத்தைத் தானே கடித்துப் பிய்க்கும், பின்னங்கால் தள்ளாடும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுத் தேடுவார்கள், மனிதருக்கு ஆபத்து அங்கேதான். எச்சில் வடிய நிற்கும் கழுதையின் வாயில் கையுறை போட்டுக்கூட நீங்கள் கை விடாதீர்கள், உங்கள் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிக்கடி தெருக்கழுதைகளைத் தொடுகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது மிக நல்லது. தமிழ்நாட்டில் இன்றும் தெருத்தெருவாகக் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து கைக்குழந்தைக்கு ஒரு சங்கு பச்சைப் பால் ஊற்றுகிறார்கள். நாய் கடித்த கழுதையா என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? என்னிடம் கேட்டவர்கள் யாருக்கும் நான் அந்தப் பாலைக் கொடுக்கச் சொன்னதில்லை.

இனி பூச்சி. நுளம்பு, அதாவது கொசு வழியே ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் வெஸ்ட் நைல் காய்ச்சலும் குதிரைக்கு வரும். ஆனால் குதிரையிலிருந்து அடுத்த குதிரைக்கு அவை போகாது, இரத்தத்தில் வைரஸ் அவ்வளவு சேராது. குதிரையோடு அந்தச் சங்கிலி முடிந்துவிடும்.

சிறிய கடிபூச்சி என்றீர்களே, அதுதான் பெரிய விஷயம். கியூலிகாய்டிஸ் என்று பெயர், ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இருக்கும், சாதாரணக் கொசுவலை ஓட்டையில் நுழைந்துவிடும். ஈரச் சாணத்திலும் சேற்றிலும் பெருகும், பொழுது சாயும்போதும் விடியும்போதும் கடிக்கும். நம் ஊர் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவது இந்தக் கூட்டம்தான். அந்த வைரஸின் நெருங்கிய சொந்தம் ஒன்று குதிரைக்கு உண்டு, ஆப்பிரிக்கக் குதிரை நோய். முன்பின் தொற்று இல்லாத குதிரைகளில் பத்துக்கு ஏழு முதல் ஒன்பது வரை செத்துவிடும். நுரையீரலில் நீர் கோத்து, மூக்கிலிருந்து நுரை தள்ளி, சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதும் உண்டு. கோவேறு கழுதையில் பாதி சாகும். கழுதையில் பத்தில் ஒன்று. வரிக்குதிரையில் ஒன்றுமே தெரியாது, ஆனால் வாரக்கணக்கில் அதன் இரத்தத்தில் வைரஸ் ஓடும், பூச்சிகள் குடித்துவிட்டுப் போய்ப் பக்கத்துக் குதிரையைக் கடிக்கும்.

1959இல் இது ஆப்பிரிக்காவைத் தாண்டி மேற்கு ஆசியாவுக்கு வந்து, 1960இல் இந்தியாவையும் எட்டியது. அந்த அலையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரையினப் பிராணிகள் செத்தன. 1987இல் நமீபியாவிலிருந்து மாட்ரிட் பக்கத்து சஃபாரி பூங்காவுக்கு வரிக்குதிரைகளைக் கொண்டுவந்தார்கள், நோய் ஸ்பெயினில் 1990 வரை ஓயவில்லை. 2020இல் தாய்லாந்தில் நகோன் ராட்சசீமா மாகாணத்துப் பாக் சோங் பகுதியில் பந்தயக் குதிரைகள் திடீர் திடீரென்று செத்தன, பரிசோதித்தால் இதே நோய். 500க்கு மேல் செத்தன. வெளிநாட்டிலிருந்து வந்த வரிக்குதிரைகள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. கொரோனா ஊரடங்கு நேரத்தில் குதிரைக்காரர்கள் லாயம் முழுவதும் நெருக்கமான வலை கட்டி, பொழுது சாயுமுன் குதிரைகளை உள்ளே பூட்டி, தென்னாப்பிரிக்கத் தடுப்பூசியைக் கொண்டுவந்து போட்டு அதை அடக்கினார்கள். இந்தியா இப்போது அந்த நோய் இல்லாத நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. பூச்சி மட்டும் இங்கே ஏராளமாக இருக்கிறது, வைரஸ் ஒன்றுதான் வர வேண்டும். மிருகக்காட்சிசாலைக்கு ஒரு வரிக்குதிரை வருகிறது என்றால் அதன் இரத்தப் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

இரத்தத்தால் பரவுவது இன்னொன்று, குதிரைத் தொற்றுச் சோகை. மாட்டைக் கடிக்கும் பெரிய ஈ ஒரு குதிரையைக் கடித்துக் குடிக்கும்போது குதிரை வாலால் அடித்துவிடும், வாயில் ஈர இரத்தத்தோடு அது பக்கத்துக் குதிரைக்குத் தாவும். இருநூறு மீட்டர் தள்ளிக் கட்டினால் ஈ அவ்வளவு தூரம் போகாமல் பழைய குதிரையிடமே திரும்பிவிடும். ஆனால் ஈயை விட மோசமானது நம் கை. ஒரே ஊசியில் பத்துக் குதிரைக்கு மருந்து ஏற்றும் ஆட்களைச் சந்தைகளில் பார்த்திருக்கிறேன். அதை அனுமதிக்காதீர்கள், புது ஊசியை நீங்களே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் ஒரு முறை வந்தால் ஆயுசுக்கும் உடம்பில் இருக்கும், கழுதையிலோ வெளியே தெரியாமல் இருக்கும்.

சுமைதாங்கி எழுதியது:

டாக்டர் கழுதையைப் பற்றிச் சொன்னதெல்லாம் அது நோயை மறைத்துச் சுமக்கும் பக்கம். மறுபக்கமும் உண்டு. இன்ஃப்ளூயன்சாவில் குதிரையை விடக் கழுதைதான் அதிகம் சாகிறது. 2019இல் மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக நைஜரில், இந்த நோயில் பல்லாயிரம் கழுதைகள் செத்தன. தண்ணீரும் விறகும் தானியமும் கழுதை மேல்தான் வரும் கிராமங்கள் அவை. கழுதை செத்த வீட்டில் பெண்களும் பிள்ளைகளும்தான் அந்தச் சுமையைத் தலையில் தூக்கினார்கள்.

ஏன் அங்கே என்று பார்த்தால் தோல் வியாபாரம் வந்து நிற்கும். சீனாவில் எஜியாவ் என்ற மருந்துப் பசைக்குக் கழுதைத் தோல் வேண்டும். நைஜர் 2016இலேயே கழுதை ஏற்றுமதியைத் தடை செய்தது, ஆனாலும் எல்லை தாண்டிக் கழுதைகளை மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு போவது நிற்கவில்லை. பல ஊர்க் கழுதைகள், தண்ணீரில்லை, தீனியில்லை, நெருக்கி அடைத்து நிற்கும், ஒன்று இருமினால் எல்லாம் இருமும். 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதற்குப் பதினைந்து ஆண்டுத் தடை போட்டது. நம் நாட்டிலும் 2019 கணக்கெடுப்பில் கழுதைகள் 1.2 லட்சம்தான், ஏழு ஆண்டில் 61 சதவீதம் குறைந்துவிட்டன. மிச்சம் இருப்பவற்றுக்கு ஒரு நோய் வந்தால் யார் எண்ணிப் பார்ப்பார்கள் என்பது என் கவலை. குதிரைக்கு ரேஸ் கிளப் இருக்கிறது, ராணுவம் இருக்கிறது. கழுதைக்கு அதை வைத்துப் பிழைக்கும் ஏழையைத் தவிர யாரும் இல்லை.

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று நினைக்கவே இல்லை. கழுதை சினையாக இருக்கிறது, எட்டு மாதம். சந்தைக்குப் போய்த் திரும்பும் மட்டக்குதிரையால் அதற்கு ஏதாவது ஆகுமா? போகவே வேண்டாமா? தொட்டி ஒன்றுதான் என்பதால் கழுதையைக் கொண்டுபோய் அண்ணன் தோட்டத்தில் தனியாகக் கட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

சினை என்று முன்னமே சொல்லியிருக்கலாமே தம்பி. சினையில் பயப்பட வேண்டியது ஹெர்பிஸ் வைரஸ், ஈஎச்வி-1. நம் நாட்டுக் குதிரைகளில் இது பரவலாக இருக்கிறது. ஒரு முறை தொற்றினால் உடம்பிலேயே தூங்கும். லாரிப் பயணம், கூட்டம், பட்டினி என்று அலைக்கழிந்தால் விழித்துக்கொண்டு மூக்கு வழியே வெளியேறும். மூக்கோடு மூக்கு உரசினால் போதும். இளம் குதிரைக்கு லேசான சளி, சினைக்கோ பிந்தைய மாதங்களில் முன்னறிவிப்பே இல்லாமல் கரு விழும். சில நேரம் நரம்பைத் தாக்கிப் பின்பக்கம் தள்ளாடி விழுந்துவிடும். 2021இல் ஸ்பெயினில் வலென்சியாவில் நடந்த தாண்டும் போட்டியில் இப்படித்தான் பரவி 18 குதிரைகள் செத்தன, ஐரோப்பாவில் போட்டிகளையே நிறுத்தினார்கள். கரு விழுந்தால் அந்தக் கருவிலும் நஞ்சுக்கொடியிலும் வைரஸ் நிறைந்திருக்கும். நாய் இழுக்க விடாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், அந்த இடத்து வைக்கோலை எரித்துவிடுங்கள், அதற்கு முன் மருத்துவரிடம் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த ஆடிக்குப் போக வேண்டாம். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை போட்ட பிறகுதான் பலன் தரும், இப்போது அதற்கு நாளில்லை.

மன்னார்க்காரி எழுதியது:

தம்பி பவானிக்கரை, கழுதையை மட்டும் தனியாகக் கொண்டுபோய்க் கட்டாதீங்கோ. எங்கட அனுபவத்தில் கழுதை தன் கூட்டாளியைப் பிரிந்தால் இரண்டு நாளில் தீனியை விட்டுவிடும். சினைக் கழுதை தீனியை விட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் ஏறி ஈரல் கெட்டுப்போகும், அப்படி ஒன்றைக் காப்பாற்ற முடியாமல் இழந்திருக்கிறோம். கழுதையும் அதோடு பழகின குதிரையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வெளியே போய்வருகிற பிராணிதான் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

மன்னார் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மீறிச் சந்தைக்குப் போவதானால் சொந்த வாளி, சொந்தத் தண்ணீர் கொண்டுபோங்கள், பொதுத் தொட்டியில் விடாதீர்கள், விலை பேச வருகிறவர் பத்துக் குதிரை வாயைப் பிளந்து பல்லைப் பார்த்த கையால் உங்கள் குதிரை வாயைத் தொடுவார், முதலில் கையைக் கழுவச் சொல்லுங்கள். விற்காமல் திரும்பினால் 21 நாள் அண்ணன் தோட்டத்தில் மட்டக்குதிரை நிற்கட்டும். அதற்குத் தீனி வைப்பவர் வீட்டுக் கொட்டகை வேலையை முடித்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே போக வேண்டும், திரும்பி வந்ததும் குளித்து உடை மாற்ற வேண்டும். மூக்கில் கொழகொழவென்று மஞ்சள் சளி, புண் இருந்தால் அது கிளாண்டர்ஸாகவும் இருக்கலாம். அது பாக்டீரியா நோய், மனிதருக்கும் தொற்றும், நீங்களே துடைத்துப் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.

பவானிக்கரை எழுதியது:

சரிங்க ஐயா, இந்த முறை போகவில்லை. வீட்டிலும் சொல்லிவிட்டேன். இன்றைக்கே தெர்மாமீட்டர் வாங்குகிறேன். கழுதைக்கு எப்படி வைத்துப் பார்ப்பது, உதைக்குமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

நேர் பின்னால் நிற்காதீர்கள், இடுப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள், முன்னால் ஒருவர் தலையைப் பிடித்து நெற்றியைச் சொறிந்துகொண்டிருக்கட்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, சற்றுச் சாய்த்துக் குடல் சுவரைத் தொடும்படி வையுங்கள், சாணத்துக்குள் குத்தினால் அளவு தப்பும். மறுமுனையில் ஒரு நூலைக் கட்டித் துணி கிளிப்பால் வால் மயிரில் மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே போய்விடும். காலை, மாலை ஒரே நேரத்தில் பார்த்து ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள், உங்கள் கழுதையின் சாதாரண வெப்பம் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு பிராணிக்கும் பார்த்தபின் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்ததற்கு வையுங்கள்.